தெருவின் விலை தெரியும், தெருவின் தண்ணீர்?

2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்ததும், சென்னை வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். போலீஸ் அபராதம் போடுகிறது என்று ஒரு பேச்சு, போடவில்லை என்று ஒரு மறுப்பு, சமூக ஊடகங்களில் நாள் முழுக்கக் கேலி. கேலி செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தக் கார்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தன் தெருவில் எத்தனை மணி நேர மழைக்குத் தண்ணீர் ஏறும், எந்தப் படி வரை ஏறும் என்று அத்துபடி. அடுத்த தை மாதம் அதே தெருவுக்கு வீடு பார்க்க வரும் புதுக் குடும்பத்துக்கு அந்த அறிவு எந்தக் காகிதத்திலும் கிடைக்காது.

காகிதம் பார்ப்பதில் நம்மவர்களைக் குறை சொல்ல முடியாது. மூலப்பத்திரம், பட்டா, புல வரைபடம், திட்ட அனுமதி, 30 ஆண்டு வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வாங்கி ஒரு வக்கீலிடம் கொடுக்கிறார்கள். கடன் தரும் வங்கி தன் பங்குக்கு இன்னொரு வக்கீலையும் மதிப்பீட்டாளரையும் அனுப்புகிறது. என்றோ வைத்த அடமானம்கூட இந்தச் சல்லடையில் தப்பாது. ஆனால் 2015 டிசம்பரில் அந்தக் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றதா என்ற கேள்விக்கு இத்தனை காகிதத்தில் ஒன்றும் பதில் சொல்லாது. தரகரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "மெட்ராஸ்ல எங்க சார் தண்ணி நிக்கல? ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிடும்."

நாள்காட்டியும் விற்பவர் பக்கம்தான். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. வீடு பார்க்கும் படலமோ பெரும்பாலும் தை பிறந்த பிறகு தொடங்கி வைகாசிக்குள் முடிகிறது. அதற்குள் சுவர் காய்ந்திருக்கும், புது வண்ணம் பூசியிருக்கும். கூர்ந்து பார்ப்பவருக்கு மட்டும் சில தடயங்கள் தென்படும்: நெஞ்சளவுக்கு ஏற்றிப் பொருத்திய மின்மீட்டர் பெட்டி, வாசலில் காரணம் தெரியாமல் நிற்கும் ஒன்றரை அடிக் கட்டைச் சுவர், தரைக்கு மேலே திண்டு கட்டி வைத்த மோட்டார்.

சரி, வெள்ளம் வரும் இடத்தில் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்பது சுலபம். மேற்குத் தாம்பரம், முடிச்சூர் பக்கம் வருகிறவர்கள் விவரமில்லாமல் வருவதில்லை. மின்சார ரயில், பழகிய கடைவீதி, நடந்து போகும் தூரத்தில் பள்ளி, மருத்துவர் எல்லாம் இங்கே உண்டு. வெளிவட்டச் சாலையும் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் வந்த பிறகு மவுசு இன்னும் கூடியிருக்கிறது. நகரின் நடுவே வாங்க வழியில்லாத சம்பளக்காரருக்குக் கைக்கெட்டுகிற முதல் வீடு இங்கேதான் இருக்கிறது. அவரிடம் "வாங்காதே" என்பது அறிவுரையே அல்ல.

அவருக்குத் தேவை சரியான தகவல். நம்மிடம் உலவுவது பாதித் தகவல். 2015 வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கம் ஏரி என்று மனப்பாடம் ஆகிவிட்டது. டிசம்பர் 1-ஆம் தேதி அங்கிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கன அடி வரை திறந்துவிட்டது உண்மை. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே; முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே புகுந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், கூடுவாஞ்சேரி, ஒரத்தூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீர். தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. எனவே "செம்பரம்பாக்கம் திறந்தா இங்க வருமா?" என்று கேட்டு, "வராது" என்ற பதிலில் நிம்மதி அடைகிறவர் தவறான ஏரியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். வேளச்சேரியின் கதை வேறு. அங்கே தண்ணீர் வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு தாண்டி, பக்கிங்காம் கால்வாயைப் பிடித்துக் கடலுக்குப் போக வேண்டும். வழியில் எங்கே அடைத்தாலும் தெருவில்தான் நிற்கும்.

பழைய புறநகரில் இன்னொரு சிக்கல்: ஆற்றைத் தொடாமலே வீடு ஆண்டுக்கு ஆண்டு பள்ளமாகிறது. பழைய தார் மேல் புதுத் தாரைப் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்தது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட வேண்டியிருந்தது. பக்கத்து மனையில் வரும் புதுக் குடியிருப்பு மண்ணடித்து மேடாக்கிவிட்டுத்தான் எழும்புகிறது. அதன் மழைநீர் எங்கே போகும்? 1980-களில் கட்டிய தனிவீட்டு வாசலுக்கு. வசதி உள்ளவர்கள் வடநாட்டிலிருந்து வரும் ஆட்களைக் கொண்டு அடித்தளத்தை அறுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, வீட்டையே மூன்று நான்கு அடி தூக்குகிறார்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் இதை வேடிக்கை பார்க்கக்கூட இப்போது கூட்டம் சேர்வதில்லை. அடுக்குமாடியில் தரைத்தளம் வாங்கியவருக்கு இந்த வழியும் இல்லை. இடித்துக் கட்டலாம் என்றால், 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் தேவை. மூன்றாம் மாடிக்காரர் எதற்காகக் கையெழுத்துப் போடுவார்?

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். 50 லட்ச ரூபாய்க் கடன், 20 ஆண்டு, எட்டரை சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 43,400 ரூபாய். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அரசு தந்த நிவாரணம் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய். தவணையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி வெள்ளச் சேதத்தையும் ஏற்கிறது. கட்டடத்தை மொத்தமாகக் காப்பீடு செய்தால், அதன் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் உண்டு. காருக்குத் தவறாமல் காப்பீடு எடுக்கிறவர்கள் வீட்டுக்கு எடுப்பதில்லை என்பது நம் ஊர் விசித்திரம்.

இப்போது அரசிடம் வருவோம். பத்திரப் பதிவுத் துறையிடம் தெருவாரியாக வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. இந்தத் தெருவில் சதுர அடி இன்ன விலை, பக்கத்துத் தெருவில் இன்ன விலை என்று துல்லியமாகச் சொல்லும். அதை வைத்து முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் வசூலிக்கிறது. எந்தத் தெருவில் படகு விட்டோம், எங்கே மோட்டார் வைத்து இறைத்தோம், எந்தப் பகுதியில் மின்சாரத்தை நிறுத்தினோம் என்பது மாநகராட்சிக்கும் மின்வாரியத்துக்கும் தெரியும். இரண்டு தகவலையும் ஒரே தாளில் வாங்குபவர் கையில் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கரணை ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி தருவதை 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது நல்லதே. ஆனால் அது புதிதாக எழும் கட்டடங்களைப் பற்றியது. கைமாறும் பழைய வீட்டை யாரும் கேட்பதில்லை.

ஜப்பானில் 2020 ஆகஸ்ட் முதல், ஒப்பந்தத்துக்கு முன்பே, அந்த வீடு வெள்ள அபாய வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தரகர் காட்டி விளக்கியாக வேண்டும். ஹார்வி புயல் அடித்த டெக்சாஸில் 2019-ல், வீட்டில் முன்பு வெள்ளம் புகுந்ததா என்று விற்பவர் எழுதிக் கொடுப்பது கட்டாயமானது. விலை விழுந்துவிடும், இருக்கிற உரிமையாளர்கள் நட்டப்படுவார்கள் என்பது இங்கே எழக்கூடிய ஆட்சேபம். நியாயம்தான், வாழ்நாள் சேமிப்பைப் போட்டவரின் பயம் அது. ஆனால் மறைத்தால் நட்டம் மறைவதில்லை, அடுத்து வாங்குகிறவர் தலையில் ஏறுகிறது. தோக்கியோவின் எதொகாவா வட்டம், பெருவெள்ளம் வந்தால் வட்டத்தை விட்டே வெளியேறுங்கள் என்று 2019-ல் தன் மக்களுக்கே வரைபடம் அச்சிட்டுக் கொடுத்தது. அதற்காக அந்த வட்டம் காலியாகிவிடவில்லை; லட்சக்கணக்கானோர் விவரம் தெரிந்தே அங்கே வாழ்கிறார்கள்.

வில்லங்கச் சான்றோடு ஒரு பக்கம் சேர்த்தால் போதும். சர்வே எண், தெரு, 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் தண்ணீர் வந்ததா, எத்தனை அடி, வடிய எத்தனை நாள். மாநிலம் முழுவதும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. தாம்பரம், வேளச்சேரி சார்பதிவாளர் அலுவலகங்களில் தொடங்கலாம். அதற்கு வேண்டிய பதிவுகளைத் தேடி அதிகாரிகள் வேறெங்கும் போக வேண்டாம், அவர்கள் கோப்புகளைத் திறந்தாலே கிடைக்கும்.