முன்னாள் குடித்தனக்காரரின் பச்சை விளக்கு

திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருகின்றன. கோடையில் போனால் மூன்று மணல்கள் சேருகின்றன. ஒரகடத்தில் வேலை பார்க்கும் நண்பன் அங்கே வாடகைக்கு வீடு பிடித்து, குடி போன ராத்திரியே போன் பண்ணினான்.

''ஹால்ல ஒரு வெள்ளைப் பெட்டி இருக்குடா. பச்சை விளக்கு எரியுது. அடியிலேயே பாஸ்வேர்டு ஒட்டியிருக்கு. போட்டேன், நெட் பிச்சுக்கிட்டுப் போகுது. முன்னாடி இருந்தவர் தங்கமான மனுஷன்!''

தங்கமானவர்தான். ஆனால் போலீஸ் ஒருநாள் ஏதோ ஒரு விஷயத்துக்காக அந்த ஐ.பி. முகவரியைத் தேடினால், கம்பெனி கொடுக்கும் பெயர் தங்கமானவருடையது. இவன் வீட்டுக்கு வந்த மச்சான் செய்த வம்புக்கு அவர் ஸ்டேஷனில் பெஞ்சு தேய்க்க வேண்டும். இதைச் சொன்னதும் பயந்துபோய்த் தன் பெயரில் கனெக்‌ஷன் கேட்டான்.

''சார், இந்த அட்ரஸ்ல ஏற்கெனவே ஒரு லைன் ஆக்டிவ்.''

''அது என்னுது இல்லைங்க.''

''கேன்சல் பண்ணிடுங்க சார்.''

''நீங்களே பண்ணுங்களேன்.''

''ரெஜிஸ்டர் ஆன நம்பருக்கு ஓ.டி.பி. போகும், அதைச் சொல்லுங்க சார்.''

அந்த நம்பர் தங்கமானவர் பாக்கெட்டில்.

இதே ஊர்ப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ம் நூற்றாண்டு. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதில் வைத்தியர் யார், மூலிகை கொண்டுவர எத்தனை பேர், நாவிதருக்கு எவ்வளவு நெல் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. வீட்டில் குடியிருப்பது யார் என்பது மட்டும் நம் கம்ப்யூட்டருக்கு எட்டவில்லை.

எலக்ட்ரிக் கடைப் பையன், ''பின்னாடி ஒரு ஓட்டை இருக்குண்ணே, குண்டூசியால அமுக்குங்க, புதுசாயிடும்'' என்றான். அமுக்கினான். பாஸ்வேர்டோடு, கம்பெனி உள்ளே பதிந்து வைத்திருந்த யூசர் பெயரும் அழிந்தது. கண்ணாடி இழையில் வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்தது; நெட் போச்சு. வேறு பெட்டி வாங்கி மாட்டலாமே என்றால் அதுவும் நடக்காது. ஒரே இழையை 32, 64 வீடு என்று பிரித்துத்தான் தருகிறார்கள். அவரவர் பெட்டியின் சீரியல் நம்பர் எக்ஸ்சேஞ்சில் பதிவாகியிருந்தால்தான் உள்ளே விடும்.

போனுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில், போனோடு வாடகை வீடு கிடைப்பது அதிர்ஷ்டம். டைரக்டரியில் பழையவர் பெயரே இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அன்றைக்கு மிஞ்சிப் போனால் டிரங்க் கால் பில்தான் தகராறு. இன்றைக்கு அப்படி விட முடியாது. காலி பண்ணும்போது கேன்சல் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பெட்டியை ஒப்படைத்து ரசீது வாங்கி, ஆட்டோ பேயையும் நிறுத்த வேண்டும். கடைசியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

வீட்டுக்காரரின் அட்வான்ஸ் நோட்டில் ஒருவழியாகத் தங்கமானவர் நம்பர் கிடைத்தது.

''அது இன்னும் ஓடுதா? அதான் மாசா மாசம் பணம் போகுதா! சம்சாரம் ஏதோ சினிமா ஆப்புக்குக் கட்டறான்னு நினைச்சு சண்டை வேற போட்டேன் சார்!''

ஓ.டி.பி. சொன்னார். மூன்றாம் நாள் புது லைன் வந்துவிட்டது. நண்பன் சந்தோஷமாக போன் பண்ணினான்.

''அது சரி, நீ காலி பண்ணின தாம்பரம் வீட்டு லைனை என்னடா பண்ணினே?'' என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.