மீன் பேனும் நாற்றங்கால் குளமும்

ரோகு மீன் கல்லிலும் குச்சியிலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டு, காரணமில்லாமல் துள்ளுகிறது என்றால் மீன் வளர்ப்போருக்கு விஷயம் புரிந்துவிடும். பேன் கண்டிருக்கிறது. வலை போட்டு ஒரு மீனை எடுத்தால், துடுப்பின் அடியிலும் செதிலின் மேலும் தட்டையான, பளிங்கு போன்ற பூச்சி ஒட்டியிருக்கும். ஆர்குலஸ் என்பது இதன் பெயர். இது இரத்தத்தை உறிஞ்சுகிறது. கடித்த புண்ணின் வழியே பூசணமும் பாக்டீரியாவும் நுழைகின்றன. இந்தியக் கெண்டைக் குளங்களில் இதனால் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 29,000 ரூபாய்க்கு மேல் நட்டம் என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

அடுத்து மருந்துக் கடைக்கு ஓடுவதுதான் வழக்கம். மீன் பேன், இறால், நண்டு வகையைச் சேர்ந்த உயிர். அதைக் கொல்லும் சைபர்மெத்ரின் போன்ற மருந்து, நீரில் மிதக்கும் அதே வகை நுண்ணுயிர்களையும் சேர்த்தே அழிக்கிறது. கட்லாவுக்கு அதுதானே சோறு! பேனின் முட்டைகளோ கல்லிலும் குச்சியிலும் ஒட்டியிருந்து பின்னர் பொரிக்கின்றன. மறுபடி மருந்து, மறுபடி செலவு.

இதற்கிடையே கேட்கப்படாமலே போகும் கேள்வி ஒன்று உண்டு. இந்தக் குளத்துக்கு வருமுன் அந்தக் குஞ்சு எப்படி வளர்ந்தது?

வேல்ஸ் நாட்டிலுள்ள ஸ்வான்சி பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்ட சால்மன் மீன் ஆய்வு இங்கே கவனிக்கத் தக்கது. ஒரு தொகுதி மீனுக்கு முட்டைப் பருவத்தில் சிறிது நேரம் குளிர் அதிர்ச்சி தரப்பட்டது. மற்றொரு தொகுதியின் குஞ்சுகள் ஒதுங்க இடமில்லாத வெறும் தொட்டியில் வளர்க்கப்பட்டன. பொரித்து 4 மாதங்களுக்குப் பின் செவுள்களைச் சோதித்தபோது, மரபணுக்களின் மேல் ஒட்டும் மெத்தில் என்ற ரசாயன அடையாளம் இரு தொகுதியிலும் மாறியிருந்தது. மரபணு மாறவில்லை. வாய்க்கால் அதேதான், எந்த மடை திறந்திருக்கிறது, எந்த மடை அடைபட்டிருக்கிறது என்பதுதான் வேறு. பிறகு பாக்டீரியாவிலிருந்து எடுத்த பொருளைக் கொடுத்துப் பார்த்தனர். ஓயாத வாட்டத்தில் வளர்ந்த மீன்களின் எதிர்ப்புச் செயல் மங்கியிருந்தது. சிறிது நேர அதிர்ச்சி கண்டவற்றிலோ அது கூடியிருந்தது. (அதற்காக யாரும் குஞ்சுப் பையில் ஐஸ் கட்டி போட வேண்டாம்.)

சால்மன் குளிர்நீர் மீன். சோதித்ததும் பேனைக் கொண்டு அல்ல. ஆகவே ரோகுவுக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்வது அவசரம். ஆனால் நெருக்கடியில் வாடிய மீனை நோய் எளிதில் பற்றும் என்பது பழைய பாடம். வாட்டம் நீங்கி மாதங்கள் ஆன பிறகும் அதன் தழும்பு உள்ளே நிற்கக்கூடும் என்பதே புதிய செய்தி. நாற்றங்காலில் வெளுத்த நாற்றை நடவு வயலில் உரம் போட்டுத் தேற்றப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

மண் நாற்றங்கால் குளத்தில் ஹெக்டேருக்கு 30 முதல் 50 லட்சம் நுண்மீன் குஞ்சு, அதாவது ஏக்கருக்கு 12 முதல் 20 லட்சம் வரை விடலாம் என்பது சிபாரிசு. பருவத்தில் கிராக்கி ஏறும்போது இந்த அளவு எங்கெல்லாம் காக்கப்படுகிறது? வாங்குபவர் அளவையும் ஆயிரத்தின் விலையையும் மட்டும் பார்க்கும்வரை, விற்பவர் மற்றதைச் சொல்லப் போவதில்லை. நெருக்கமின்றி வளர்த்தால் குஞ்சின் விலை கூடும் என்று பண்ணைக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க வளர்ப்போர் தயாராக வேண்டும். இருமுறை அடிக்கும் மருந்தின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எத்தனை நாள் குஞ்சு, எந்த நெருக்கத்தில் வளர்ந்தது, நாற்றங்காலில் பேன் கண்டதா என்ற மூன்றையும் ரசீதிலேயே எழுதித் தர வேண்டுமென அரசு கட்டாயமாக்குவதும் தகும். நட்டம் முழுவதையும் சிறு விவசாயியே சுமக்கும்போது இந்த விவரமாவது அவருக்குக் கிடைக்க வேண்டாமா?

அதுவரை, ஆக்சிஜன் பையில் குஞ்சை அடைக்குமுன் ஒரு கை வலையில் அள்ளி வெயிலில் பார்ப்பது நல்லது. குளத்தில் நாலைந்து இடத்தில் மூங்கில் கழி ஊன்றி வைத்தால் பேன் அதில் முட்டையிடும். வாரம் ஒருமுறை பிடுங்கி வெயிலில் நன்றாகக் காய வைத்து மறுபடி ஊன்றலாம். அறுவடை முடிந்ததும் குளத்தைத் தரை வெடிக்கும்வரை காயப்போட்ட பிறகே புதுக் குஞ்சு விட வேண்டும்.