பலாலிக்கும் சென்னைக்கும் இடையில்

பலாலியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று வினவினால், மாணவர் உடனே கைத்தொலைபேசியை நாடுகின்றனர். தேசப்படத்தை விரித்தாலே விடை கிடைத்துவிடும். இரு விமான நிலையங்களும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டிலேயே அமைந்துள்ளன. பலாலி கிழக்கு 80.07 பாகை, மீனம்பாக்கம் 80.17 பாகை. ஆகவே அகலக்கோடுகளைக் கழித்தாற் போதும். மீனம்பாக்கத்தின் 12.99 பாகையிலிருந்து பலாலியின் 9.79 பாகையைக் கழிக்க, எஞ்சுவது 3.2. பாகைக்கு 60 கடல்மைல் வீதம் 192 கடல்மைல். அதாவது ஏறத்தாழ 355 கிலோமீற்றர். அந்நேர்கோட்டின் பெரும்பகுதி, சோழமண்டலக் கரையை இடப்புறம் ஒதுக்கிவிட்டுக் கடல்மீதே செல்கின்றது.

தூரம் தெரிந்துவிட்டது, நேரம்தான் சிக்கலானது. இப்பாதையில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்திற் செல்ல வல்லது. வகுத்துப் பார்த்தால் 43 நிமிடமே வருகின்றது. நேர அட்டவணையோ ஒன்றேகால் மணியும் அதற்கு மேலும் காட்டுகின்றது. இதில் ஏமாற்று எதுவுமில்லை. விமானம் தரித்த இடத்தைவிட்டு அசைந்தது முதல், மறுமுனையிற் சென்று தரிக்கும் வரையுள்ள நேரமே அட்டவணைக்குரியது. ஓடுபாதைவரை ஊர்தல், முறைக்குக் காத்திருத்தல், மெதுவாக மேலேறுதல், காற்றின் திசைக்கேற்பச் சுற்றிவந்து இறங்குதல் யாவும் அதனுள் அடங்கும். முழுவேகத்திற் பறப்பது நடுவிலுள்ள சிறு பகுதி மாத்திரமே. குறுந்தூரப் பயணங்களில் இவ்வேறுபாடு மிகப் பெரிதாகத் தோன்றும்.

இரு நாட்டுக் கடிகாரங்களும் இப்பொழுது ஒன்றே. 1996 முதல் 2006 வரை இலங்கை தன் நேரத்தை முன்தள்ளி வைத்திருந்த காலத்தில் இக்கணக்கைச் செய்தவர்கள் அதனையும் கழிக்கவேண்டியிருந்தது.

எயர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இப்பலாலி வழியாகவே சென்னை சென்றது. அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவு. ஆகவே பலாலியிலிருந்து ஒன்றேகால் மணி நேர ஓட்டம். பின்னர் அச்சேவை நின்றது, போர் வந்தது, பலாலி பொதுமக்களின் இந்தியப் பயணத்துக்கு உதவாத இடமாயிற்று. சென்னை வைத்தியசாலைக்கு நோயாளியை அழைத்துச் செல்லும் யாழ்ப்பாணத்தவர், வடக்கே போவதற்காகத் தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வந்து, கட்டுநாயக்காவிலிருந்து மீண்டும் 645 கிலோமீற்றர் வடக்கே பறந்தார். 355 என்பது ஆயிரத்தைத் தாண்டியது. அதுவும் பாதை திறந்திருந்த நாட்களில். எந்த அடிமட்டமும் இத்தூரத்தைக் காட்டமாட்டாது.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. பெருந்தொற்றினால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. பிள்ளையைப் படிக்க அனுப்பிய பெற்றோருக்கு இதன் அருமை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2025 மார்ச்சில் திருச்சிராப்பள்ளிக்கும் சேவை ஆரம்பமாயிற்று. அவ்விமான நிலையம் வடக்கு 10.77, கிழக்கு 78.71 பாகையில் உள்ளது. இங்கே நெடுங்கோடும் வேறுபடுவதால் வெறுங்கழித்தல் போதாது. அகலக்கோட்டின் கோசைனையும் பைதகரசின் தேற்றத்தையும் துணைக்கழைத்தல் வேண்டும். க.பொ.த. உயர்தர மாணவர் செய்து பார்க்கலாம். விடை 185 கிலோமீற்றரை அண்மித்து வரும்.