இரண்டு பஸ் மாறிப் போகும் ஊர்

மதுரையில் ஒரு ஓட்டலின் ஏ.சி. ஹாலில் நிருபர்களுக்கு ஒருநாள் பயிற்சி. விளிம்புநிலை மக்களைப் பற்றிச் செய்தி எழுதுவது எப்படி என்பது பொருள். பேசப் போயிருந்தேன். எல்லாருக்கும் சணல் பை, குறிப்பேடு, பேனா. எந்தச் சொல் கூடாது, யார் முகத்தை மறைக்க வேண்டும் என்று திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினோம். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025-இல் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். டீ வருவதற்குச் சற்றுமுன் கடைசி வரிசையில் ஒரு இளம்பெண் எழுந்தார்.

"நீங்க சொல்ற மாதிரி ஊருக்கு ரெண்டு பஸ் மாறணும் சார். டவுன் பஸ் எங்களுக்கு ஃப்ரீதான். நாளுதான் ஃப்ரீ இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் தெரியாதபோது அது ஒரு வசதி.

அவர் கணக்கு எளிமையானது. ஆபீஸில் தினம் நாலு செய்தி கேட்கிறார்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றால் மனு கொடுக்க வருகிறவர்களிடமே ஏழெட்டு தேறிவிடும். ஊருக்குள் போய்ப் பேசினால் ஒன்றுதான் தேறும், அதுவும் அன்றைக்கே தேறாது. முதல் தடவை போகிறபோது யாரும் வாய் திறப்பதில்லை. மறுபடி போக வேண்டும். அந்த இரண்டாவது நாளுக்குச் சம்பளம் போட ஆளில்லை.

தொண்ணூறுகளில் நான் ஒரு நாளிதழில் மாவட்டப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்களிலிருந்து பகுதிநேர நிருபர்கள் எழுதுவது கவரில் போட்டு பஸ்ஸில் வரும். சாயங்காலம் ஸ்டாண்டுக்குப் போய் ஆபீஸ் பையன் வாங்கி வருவான். அப்படி ஒருநாள் மூன்று பக்கம் வந்தது. தேர்வடம் தொட வந்தவர்களை விரட்டி அடித்த சம்பவம். யார் அடித்தது, யாருக்கு எத்தனை தையல், எந்தக் கடையில் மறுநாள் பால் கொடுக்கவில்லை, எல்லாம் இருந்தது. எழுதியவர் அடிவாங்கிய தெருவிலேயே பிறந்தவர். இரவு பத்து மணி, கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வேறு வந்துவிட்டது. நான் அதை ஒன்பது வரியாக்கினேன். தலைப்பும் நான்தான்: 'இரு தரப்பினரிடையே மோதல்: போலீஸ் குவிப்பு'.

காலையில் போன் வந்தது. "அண்ணே, அடிச்சவன் ஒரு தரப்பு, அடி வாங்கினவன் ஒரு தரப்பாண்ணே?"

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளிவந்த செய்திகளைக் கத்தரித்து நாற்பது பக்க நோட்டில் ஒட்டி மாதக் கடைசியில் அனுப்புவார். கணக்குப் பிரிவில் ஸ்கேல் வைத்து அளந்து பணம் போடுவார்கள். மூன்று பக்கத்தை ஒன்பது வரியாக்கியதில் நான் அவர் கூலியையும் வெட்டியிருந்தேன். பொங்கல் மலருக்கு விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன் உண்டு. வருஷத்தில் அவர் கண்ணில் கொஞ்சம் பணம் பார்ப்பது அதில்தான். அந்த ஊரில் முழுப்பக்கம் கொடுக்கக்கூடியவர் ரைஸ்மில்காரர் ஒருவர்தான். அவர் மகன் பெயர் அந்த மூன்று பக்கத்தில் இருந்தது. செய்தியில் பெயர் வரவில்லை என்றாலும், தெருத்தெருவாக விசாரித்தது யார் என்று ஊருக்குத் தெரியாதா? அந்தப் பொங்கலுக்கு விளம்பரம் இல்லை. அடுத்த வருஷம் நிருபரும் இல்லை. இப்போது தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க வேண்டியதில்லை. அந்த ராத்திரி மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தவனுக்கு வேண்டுமானால் கொடுத்திருக்கலாம்.

பணம் யார் தருவது என்ற கேள்வி பழையது. 1920 ஜனவரியில் அம்பேத்கர் 'மூக்நாயக்' பத்திரிகையைத் தொடங்கியபோது கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தார். திலகரின் 'கேசரி'யோ காசு கொடுத்தும் அந்தப் பத்திரிகையின் விளம்பரத்தைப் போட மறுத்தது. மகாராஜா பணம் இருந்தும் 'மூக்நாயக்' மூன்று வருஷத்தில் நின்றுபோனது.

எழுபது வருஷம் கழித்து பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு ஃபெலோஷிப் பணத்தில் ஐந்து மாநிலங்களின் மிக ஏழ்மையான பத்து மாவட்டங்களைச் சுற்றினார். நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு. அவர் எழுத்துக்கு ஃபெலோஷிப் கற்றுக்கொடுத்தது ஒன்றுமில்லை. நாட்களை வாங்கிக் கொடுத்தது. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதை அவர் எழுதியிருப்பதைப் படித்தால் மனு நாளில் கிடைக்காத செய்தி எது என்பது புரியும்.

ஆனால் அவரும் வெளியிலிருந்து போனவர்தான். அந்த ஊர்க்காரர்களே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 'கபர் லஹரியா'வைப் பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில், 2002-இல், நிரந்தர் என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு பெண்கள் தொடங்கிய புந்தேலி மொழிப் பத்திரிகை. தலித், ஆதிவாசி, முஸ்லிம் பெண்கள். பலர் வளர்ந்த பிறகே எழுத்துக் கூட்டக் கற்றவர்கள். பேட்டி, படம், பக்க அமைப்பு என்று எல்லாம் படித்து, அச்சானதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய் விற்றதும் அவர்களே. அங்கே பயிற்சி என்பது ஒரு நாள் ஓட்டல் சாப்பாட்டோடு முடியவில்லை; வருஷக்கணக்கில் நடந்தது, அந்த வருஷங்களுக்கு யாரோ பணம் போட்டார்கள். பின்னால் அவர்களைப் பற்றி எடுத்த ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அப்போதும், படம் எங்களை முழுதாகக் காட்டவில்லை என்று அறிக்கை விட்டார்கள். தங்களைப் பற்றிய செய்தியையும் திருத்தி எழுதினார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

தில்லியில் 1996-இல் பி.என். உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர் ஒரு தலித் நிருபரைத் தேடிப் பார்த்தார். அங்கீகாரம் பெற்ற 686 பேர் பட்டியலில் ஒருவரைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து கணக்கெடுத்தன. செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம். தலித், ஆதிவாசி ஒருவரும் இல்லை. 'இரு தரப்பினர்' என்று தலைப்பு வைக்கும் மேஜை இதுதான்.

மாலையில் பயிற்சி முடிந்து அந்தப் பெண் நிருபர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்த வாரம் அந்த ஊருக்குப் போவீர்களா என்று கேட்டேன். "லீவு போட்டுத்தான் சார் போகணும்" என்றார்.

வாசலில் ஒருங்கிணைப்பாளர் என் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். இந்தத் தொழிலில் கவர் என்றால் வேறு அர்த்தமும் உண்டு. இது அதில்லை, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த மதிப்பூதியம். காரில் பிரித்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் எத்தனை நாள் சம்பளம் என்று வகுத்துப் பார்த்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.