அருவியும் அமானிதமும்



பெருநாள் விடுமுறை வந்தால், வன்னியம்பட்டியைச் சுற்றியுள்ள குடும்பங்களின் மனம் மேற்கு மலையை நாடும். இராஜபாளையம் அய்யனார் கோவில் அருவியும், திருவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பும் அருகிலேயே உள்ளன. இறைவனின் படைப்பைக் கண்டு சிந்திப்பது நற்செயலே. ஆனால், உயிரும் அவன் தந்த அமானிதம் அன்றோ!

17.5.2024 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரைப் பறித்துச் சென்றது. மலையுச்சியில் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. பாறைச் சரிவில் நீர் தங்காமையால் விரைந்து வெள்ளமாக இறங்கிவிடும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, உடைமைகளை விட்டுவிட்டுப் பிள்ளைகளுடன் மேட்டில் ஏறிவிடுங்கள். ஓடை பெருகி வழியை மறித்தால், வடியும் வரை காத்திருங்கள், கடக்க முயலாதீர்கள்.

1988இல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமான இக்காடு, 2021 முதல் புலிகள் காப்பகமும் ஆகும். ஆகவே, வனத்துறை அனுமதித்த நாளில், அனுமதித்த பாதையில் மட்டுமே செல்லுங்கள். யானைகள் நீர் தேடி வரும் மாலைப்பொழுதுக்கு முன்பே திரும்பிவிடுங்கள். லுஹர் தொழுகையை ஓடைப் பாறையில் அன்றி, மேடான இடத்தில் நிறைவேற்றுங்கள். உளூவுக்குக் கரையோர நீரே போதும். பாசி படிந்த பாறையில் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கக் கற்பித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அருவிப் பயணத்திலும் அதுவே நமக்கு வழி. வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.