கரைந்துபோகிற மருந்தா?

"பெப்டைடெல்லாம் மருந்தாகாதுங்க. உள்ளே போன வேகத்தில் கரைந்துவிடும். ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுக்குத்தான் தமாக்சிஃபென் மாத்திரை இருக்கிறதே!" கோவையில் மருந்துக்கடைக்காரர்களும் மருந்தியல் மாணவர்களும் சொல்லக் கேட்பது இது. இதில் பாதிக்கு மேல் பழைய பாடம்.

கரைந்துபோவது இயற்கைப் பெப்டைடு. மூளையின் ஹைப்போதலாமஸ் சுரக்கும் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் அத்தகையது; 10 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இரத்தத்தில் சில நிமிடங்களே தாங்கும். 1971இல் ஆண்ட்ரூ ஷாலி குழு அதன் அமைப்பைக் கண்டறிந்த பிறகு, வேதியியலாளர்கள் ஆறாவது இடத்திலிருந்த கிளைசினை எடுத்துவிட்டு, நொதிகள் எளிதில் வெட்ட முடியாத டி-வகை அமினோ அமிலத்தை வைத்தார்கள். லியூப்ரோலைடு, கோசரெலின், டிரிப்டோரெலின் மூன்றும் அப்படிப் பிறந்தவை. கோசரெலின் 3.6 மில்லிகிராம் குச்சியை வயிற்றுத் தோலுக்கடியில் செலுத்தினால் 28 நாள் வேலை செய்கிறது. ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்? இந்த அழைப்பைக் கேட்டுச் சினைப்பையைத் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பி முதல் ஓரிரு வாரம் துள்ளும், பிறகு அடங்கிவிடும். இந்தப் புற்றை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் சினைப்பையில் சுரப்பது நிற்கிறது. ஸ்காட்லாந்தின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் சினைப்பைகளை அறுத்தெடுத்துச் சாதித்ததை (1896இல் அதை எழுதினார்) இன்று ஊசியே செய்கிறது.

மாத்திரையே போதுமா? பலருக்குப் போதும், அதை மறுக்கவில்லை. ஆனால் மேலைநாட்டுப் பெண்களைவிட நம் பெண்களுக்கு இந்நோய் இளவயதிலேயே வருகிறது. மாதவிடாய் நிற்காதவர்கள் பலர். எக்ஸிமெஸ்டேன் போன்ற மாத்திரைகள் அவர்களுக்குத் தனியாகப் பலிக்காது. சினைப்பையை அடக்கியாக வேண்டும். சாஃப்ட், டெக்ஸ்ட் ஆய்வுகளில் 4,690 பெண்களை ஆராய்ந்து 2014இல் வந்த முடிவு இது: அடக்குதலோடு எக்ஸிமெஸ்டேன் எடுத்தவர்களில் 91.1 சதவீதம் பேர் ஐந்தாண்டு நோயின்றி இருந்தனர். அடக்குதலோடு தமாக்சிஃபென் எடுத்தவர்களில் 87.3.

"பெப்டைடு செல்லுக்குள் நுழையாது" என்பதுதான் பெப்டைடுக்கு எதிரான ஆட்சேபங்களில் வலுவானது. ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதம் இருப்பது செல்லின் உட்கருவில். அதற்கும் முயற்சி நடக்கிறது. டெக்சாஸில் கணேஷ் ராஜ், ரத்னா வட்லமுடி உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட இ.ஆர்.எக்ஸ்-11, பெப்டைடைப் போல நடிக்கும் சிறு மூலக்கூறு. ஏற்பியும் துணைப் புரதங்களும் சேரும் இடத்தில் புகுந்து தடுக்கிறது. வாய்வழி கொடுத்தே எலிகளில் கட்டி வளர்ச்சியைக் குறைத்தார்கள். எலி மனிதரல்ல, அது நாளைய மருந்து என்று இப்போதே கொண்டாட நான் தயாரில்லை.

"இது வெளிநாட்டு வித்தை" என்பதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. பெப்டைடுச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று 1963இல் வரைபடம் போட்டுக் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு. 1968இல் சங்கிலியின் பீட்டா திருப்பங்களை வகைப்படுத்திய சி.எம். வெங்கடாசலமும் அங்கிருந்தவரே. லியூப்ரோலைடின் ஆறாவது இடத்து மாற்றம் நிலைநிறுத்துவது அத்தகைய ஒரு திருப்பத்தைத்தான்! லியூப்ரோலைடை இன்று இந்திய நிறுவனங்களே விற்கின்றன.

குறைகள் உண்டு. எலும்பு தேயும், உடம்பு திடீரெனக் கொதிக்கும். தாராபுரத்திலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ மாதாமாதம் கோவைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் லியூப்ரோலைடு அதற்கு ஓரளவு விடை. சினைப்பைகளை அகற்றிவிடுவதும் சிலருக்குச் சரியான வழியே.

வீட்டில் யாருக்காவது இந்நோய் என்றால், திசுப் பரிசோதனை அறிக்கையில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி) வரிகளைப் பாருங்கள். பாசிட்டிவ் என்றிருந்து மாதவிடாயும் நிற்கவில்லையென்றால், சினைப்பையை அடக்கும் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.