வால்பாறைக்குப் போவோம், ஆனால் எப்படி?



இந்த வருடச் சுற்றுலாவுக்கு வால்பாறை என்றதும் முக்கால்வாசிப் பேர் கை தூக்கிவிட்டோம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரே நாள் பயணமாம். விடியற்காலை பஸ் ஏறி, ஆழியாறு அணை, குரங்கு அருவி, 40 கொண்டை ஊசி வளைவு, ஒன்பதாவது வளைவில் குரூப் போட்டோ, மேலே இரண்டு மூன்று இடம், ராத்திரி வீடு. இதற்கா அவ்வளவு தூரம் வாந்தி எடுத்துக்கொண்டு போக வேண்டும்? (நம்ம வகுப்பில் 40 வளைவையும் வாந்தி எடுக்காமல் தாண்டுகிறவர் இருந்தால் கை தூக்கலாம்!)

என் பெரியம்மா அங்கே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். லீவுக்கு லீவு நான் அங்கேதான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

"காட்டில் என்ன இருக்கு, எல்லாம் பச்சையாத்தானே இருக்கும்?" என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி! வால்பாறையில் கண்ணுக்கு எட்டியவரை தெரிகிற பச்சை காடே இல்லை. அது தேயிலைத் தோட்டம். 1890களில் தொடங்கி மழைக்காட்டை வெட்டி வெட்டித்தான் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். அந்தத் தோட்டங்களுக்கு நடுவே தீவு மாதிரி துண்டு துண்டாக நிற்பதுதான் மிச்சக் காடு. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். நம்மில் பலர் தேயிலைச் செடி முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு, "காட்டைப் பார்த்தாச்சு" என்று திரும்பி வருகிறோம்.

உண்மையான மழைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பத்து நிமிஷம் சத்தம் போடாமல் நின்று பாருங்கள். பகலிலேயே இருட்டு. மழை நின்ற பிறகும் இலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே "விஷ்... விஷ்..." என்று ரயில் இன்ஜின் மாதிரி சத்தம் வந்தால் அது இருவாச்சி பறக்கிற சத்தம். அந்தப் பறவையின் கதையே தனி. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சின்ன இடுக்கு மட்டும் விட்டிருக்கும். ஆண் பறவை வாரக்கணக்கில் அத்திப்பழம் கொண்டுவந்து அந்த இடுக்கு வழியாக ஊட்டும். அந்த ஆண் பறவைக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருப்பவை என்ன செய்யும்? காட்டில் விதை போடுவதும் இதுதான். எந்தத் தோட்டக்காரரும் சம்பளம் கொடுப்பதில்லை!

இப்போது குரங்கு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கோபம் இதில்தான். சிங்கவால் குரங்கு உலகத்திலேயே நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் உண்டு. மொத்தமே சில ஆயிரம்தான். மர உச்சியில் வெடிப்பலாவும் அத்தியும் தின்று வாழ வேண்டியது. வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டத்தில் காடு சுருங்கிப்போனதால் ரோட்டுக்கு இறங்குகிறது. போன லீவில் ஒரு டூரிஸ்ட் வண்டியிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை வீசினார்கள். குட்டியைச் சுமந்த தாய்க்குரங்கு ரோட்டின் நடுவில் உட்கார்ந்து பாக்கெட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. எதிரே லாரி! டிரைவர் அண்ணன் பிரேக் போட்டார், தப்பித்தது. எல்லா நாளும் அப்படி நடக்காது. குரங்குகள் ரோட்டில் இறங்காமல் தாண்டுவதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாலம், இன்னொரு பக்கம் சிப்ஸ். இதை என்னவென்று சொல்வது?

2025 நவம்பரிலிருந்து வால்பாறை போக இ-பாஸ் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் இ-பாஸ் வண்டியைத்தான் எண்ணும். வண்டிக்குள் இருக்கிறவர் என்ன வீசுகிறார் என்று அதற்குத் தெரியாது.

யானையும் மனிதரும் ஒரே பாதையில் நடக்கிற ஊர் அது. யானை நடமாட்டம் இருந்தால் செல்போனுக்குத் தகவல் வரும், உயரமான இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். இந்த ஏற்பாட்டுக்காக எம். ஆனந்தகுமார் என்பவருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. அந்த விளக்கு எரிந்தால் பெரியம்மா வீட்டில் வாசல் தாண்ட விட மாட்டார்கள். அருவியைவிட முதலில் அந்த விளக்கைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

அங்கே மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். காடர்கள் தேயிலை வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தக் காட்டில் வாழ்கிறவர்கள். தேன், குங்கிலியம், கிழங்கு என்று காடு தருவதை எடுத்து வாழ்ந்தவர்கள். 2019 மழையில் கல்லார் குடியில் நிலச்சரிவு. பாதுகாப்பான இடம் கேட்டுப் போராடி 2021இல்தான் தெப்பக்குளமேட்டில் பட்டா வாங்கினார்கள். தோட்டத் தொழிலாளர்களின் முன்னோர் கீழ்நாட்டிலிருந்து கூட்டிப்போகப்பட்டவர்கள். அவர்கள் பட்ட பாட்டை அங்கே டாக்டராக இருந்த பி.எச். டேனியல் நாவலாக எழுதினார். தமிழில் 'எரியும் பனிக்காடு'. அதைத் தழுவித்தான் 2013இல் 'பரதேசி' படம் வந்தது.

பெரியம்மா ஒருநாள் சொன்னார்: "ஏன் கண்ணு, வர்றவங்க எங்களைப் படம் புடிக்கறாங்க. நீங்க நல்லா இருக்கீங்களான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல." எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

சாப்பாட்டிலும் இதே கதை. போன தடவை எல்லாரும் வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போய் அதையே தின்றுவிட்டு வந்தார்கள். புளிசாதம் நல்லதுதான், ஆனால் அதை நம்ம வேப்பமரத்தடியிலேயே தின்னலாமே! கேரளா பக்கத்தில் இருப்பதால் வால்பாறைச் சின்னக் கடைகளில் ஆவி பறக்க வேகவைத்த கப்பை (நம்ம மரவள்ளிக்கிழங்குதான்), காந்தாரி மிளகாய்ச் சட்னி, கட்டன் சாயா கிடைக்கும். மழை பெய்யும்போது அதைச் சாப்பிட்டால், அப்பப்பா! காரத்தில் கண்ணீர் வரும், கை நிற்காது. நாம் கொடுக்கிற காசும் அந்த ஊர்க்காரர் கைக்கே போகும்.

அதனால் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள். ஒரு நாளை இரண்டு நாளாக்குங்கள். செலவு கூடும், தெரியும். அதற்குப் பதில் பார்க்கிற இடத்தைப் பாதியாகக் குறைக்கலாம். பஸ் ஏறும்போதே சிப்ஸ் பாக்கெட்டை வாங்கி வைத்துவிடுங்கள். வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, காடு தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு ஒரு காலை நடக்கலாம். அட்டை கடிக்கும், ரத்தம் வரும், யாரும் செத்துப்போக மாட்டோம்!

கப்பைக்கு மட்டும் பெரியம்மாவிடம் கேட்டுவிட்டேன். முதல்நாளே சொன்னால் ஐம்பது பேருக்கும் செய்து தருவதாகக் கடைக்கார அண்ணன் சொல்லியிருக்கிறார். எத்தனை பேர் என்று வகுப்புத் தலைவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள்.

— 10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி